முன் சீட்டுக்கு அடியில் இருந்த சூடு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு டயர் கடையின் வாசலில் இது நடந்தது. நான் அப்போது எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். போல்ட்டையும் நட்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியே வேலைக்காலம் போனதால், எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. கூடவே கவலையும். சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

என் மாப்பிள்ளை சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஜப்பான் காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். முகப்பேரில் அவர்கள் வீட்டு முன்னால் அது நின்றால், போகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கதவை நான் சற்று ஓங்கி மூடினாலே மாப்பிள்ளையின் முகம் மாறும். அவர் ஓட்டும்போது பக்கத்தில் என் மகள் உட்காருவாள். அவளுக்குப் பின்னால் நான். காலை நீட்டினால், அவள் சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டி போல ஏதோ ஒன்று விரலில் படும். பாட்டு ஓடும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். தீப்பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். மாப்பிள்ளையிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். ஜப்பான்காரன் தெரியாமலா வைத்திருப்பான், நீங்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறீர்கள் என்று சிரித்துவிட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் நாங்களெல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

காரோடு வந்த டேப் செட் நாளடைவில் கேசட்டைக் கடித்து நாடாவை உருவ ஆரம்பித்தது. மாப்பிள்ளை புது செட் ஒன்றை வாங்கிக்கொண்டு, மகளோடு திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மாட்டுவதற்கு நல்ல ஆள் உண்டா என்று கேட்டார். எனக்கு ஒருவரைத் தெரியும். எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து, கம்பெனி மூடியதால் வெளியே வந்தவர். டயர் கடைக்காரர் தன் வாசலில் பாதியை அவருக்கு விட்டிருந்தார். அப்போதுதான் கார் மெக்கானிக்காகக் கடை போட்டு, ஒவ்வொரு வண்டியாக வரத் தொடங்கியிருந்தது. நான்தான் அங்கே கூட்டிப்போனேன்.

மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்து, "பக்கத்துலயே இருங்க மாமா. ஒரிஜினலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, மகளோடு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கார்க் கதவை ஒட்டி உட்கார்ந்தேன்.

மெக்கானிக் டேஷ்போர்டில் ஏழு திருகாணிகளைக் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டார். பழைய செட்டின் பிளக் புதியதில் பொருந்தவில்லை. பழைய செட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டி இணைத்தார். கடைசியில் மெல்லிய நீல ஒயர் ஒன்று மிஞ்சியது. அது எந்த ஸ்பீக்கருக்கும் போகவில்லை. ஒன்று மிச்சம் இருக்கிறதே தம்பி என்று கேட்டேன். "எல்லா வண்டிலயும் ஒண்ணு ரெண்டு சும்மா தொங்கினுதான் இருக்கும் நைனா. நீ டென்ஷன் ஆவாத" என்று அதன் முனையில் டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளினார். ஏழு திருகாணிகளும் திரும்பப் போயின. எனக்கு அந்த ஒயர் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். செட்டைப் போட்டால் விளக்கு எரிந்தது, கேசட் சுற்றியது. சத்தம் மட்டும் வரவில்லை. நான்கு ஸ்பீக்கரும் ஊமை. மாப்பிள்ளை குனிந்து கதவு ஸ்பீக்கரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஸ்பீக்கரை மாற்றிவிட்டான் என்றார்.

டீக்கடையில் நின்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டயர் கடைக்காரரும் எழுந்து வந்தார். தன் வாசலில் திருட்டுப் பேச்சு வந்தால் மெக்கானிக் அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும் என்று அவர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெக்கானிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஸ்பீக்கர்ல நான் கையே வெக்கல சார். இன்னா சார் இப்டி சொல்ட்டீங்கோ" என்றார்.

கூட்டத்தில் யாரோ, பெரியவர் கூடவே இருந்தாரே, அவரைக் கேளுங்கள் என்றார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"மாமா நடுவுல டீ குடிக்கப் போயிருப்பார். இல்லையா மாமா?"

ஆமாம் என்று தலையாட்டினால் எனக்குப் பிரச்சினை முடிந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் மகள் நின்றாள். ஆமாம் என்று சொல்லுங்கள் அப்பா என்று கெஞ்சுகிற கண். அவள்தான் அவரோடு வீட்டுக்குப் போக வேண்டியவள்.

"நான் எங்கயும் போகலை மாப்பிள்ளை. கழட்டினது ஏழு திருகாணி. ஏழும் டேஷ்போர்டுல. கதவுல ஒண்ணைக்கூட அவர் தொடலை."

"அப்ப நான் பொய் சொல்றேனா மாமா?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், திறந்திருந்த பின்கதவு வழியாக என் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றியதும் கால் தானாக முன்னால் நீண்டது. தகரம் விரலில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

செட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடினால் அது சுட வேண்டும். இத்தனை மாதம் நான் பயந்த சூடு அது. எங்கே போனது?

மெக்கானிக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் தரையில் படுத்து, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். "யம்மா, இங்க ஒரு ஆம்ப்ளிஃபயர் கீதே" என்றார். கம்பெனியிலேயே பொருத்தி அனுப்பியது. ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கார்க்காரருக்கும் தெரியாது. அதை ஓட வைக்கிற மெல்லிய நீல ஒயர் ஒன்று கார்ப்பெட்டுக்கு அடியில் முன்னால் போனது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுபடி அந்த ஏழு திருகாணிகள். சுற்றி வைத்த டேப்பைப் பிரித்து, செட் போட்டால் மின்சாரம் வருகிற ஒயரோடு அந்த நீல ஒயரைச் சேர்த்தார். பட்டென்று ஒரு சத்தம் கேட்டு, நான்கு கதவிலிருந்தும் நாதஸ்வரம் எழுந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டி என் காலடியில் மெல்லச் சூடாயிற்று.

இப்போது எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர், "இன்னாப்பா பாரின் சார், பேச்சையே காணோம்" என்றார். மெக்கானிக் ஏதாவது சொல்லியிருந்தால் நியாயம்தான். நானும் அதை எதிர்பார்த்துத் தலைகுனிந்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சார் மேல தப்பு இல்லப்பா. அந்த ஒயர உட்டது நானு. சத்தம் வரலன்னா யாரா இருந்தாலும் அப்டித்தான் நெனைப்பாங்கோ."

கூட்டம் கலைந்தது. டயர் கடைக்காரர் உள்ளே போனார். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்து, கூலியைக் கொடுக்கும்போது, நல்ல வேலை என்று மெதுவாகச் சொன்னார். மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் அதை எடுத்துக் காலருகே வைத்தார். ஏன் தம்பி பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"பொண்ணு குட்த்த எடத்துல எனுக்காவ பேசிட்ட நைனா. நீ அவரோட வண்டிலதான ஊட்டுக்குப் போவணும்" என்றார்.

அந்த செட்டில் கடைசிவரை மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. அடுத்த வருடம் ஹார்ன் கெட்டபோது அவரே வண்டியை அங்கே ஓட்டிப் போனார். இன்றைக்கும் யாருடைய காரில் ஏறினாலும் என் கால் முன் சீட்டுக்கு அடியில் தானாகப் போய்த் துழாவுகிறது. அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும், நான் வீடு போய்ச் சேர்வதைப் பற்றி எனக்கு முன்பே கவலைப்பட்ட அந்த மனிதரின் நினைப்பில் பாதம் சற்றுச் சூடாகத்தான் இருக்கிறது.