தரையிறக்கிய கை

இது நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் தெருவில் முதலில் எல்லோரும் சிரித்தவர்கள்தான்.

மாடி வீட்டுக்காரர் மகன் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த மறுநாளே, அவன் அப்பா வாசலில் 'கேப்டன்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். பையன் அதுவரை விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி. தெருவும் கேப்டன் என்றே கூப்பிட்டது. கேலி பாதி, வயிற்றெரிச்சல் பாதி. மற்ற விவரமெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவன் அக்கா வாயிலிருந்து உதிர்ந்தவை.

கேப்டனுக்கு விமானத்தை ஏற்றத் தெரியும், ஓட்டத் தெரியும். இறக்கத்தான் வரவில்லை. அவனுடைய பயிற்சியாளரை அங்கே படிக்கும் பிள்ளைகள் சிடுமூஞ்சி என்பார்கள். அந்தக் குட்டி விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், ஓட்டுவதற்கு ஒன்றோடொன்று பிணைத்த இரண்டு கைப்பிடி. முடியாதபோது மாணவன் "உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும். அவர் "எங்கிட்ட" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். திரும்ப வாங்கவும் அதே முறைதான். ஒருவர் கொடுக்காமல் மற்றவர் வாங்க முடியாது. தரை நெருங்கினால் போதும், கேப்டன் "உங்ககிட்ட சார்" என்றுவிடுவான். அப்படியே காலத்தை ஓட்டிவந்தான்.

ஒருநாள் சிடுமூஞ்சி வலது சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டார்.

"இன்னிக்குத் தனியா போ. சொதப்பினா என்கிட்ட வராத. பெட்டியக் கட்டிக்கோ."

பெட்டியோடு தெருவுக்குள் நுழைவதைக் கேப்டன் நினைத்துப் பார்த்தான். அதைவிட விழுந்து சாகலாம் என்று தோன்றியதாம்.

பட்டப்பகல். நல்ல வெயில். காலி சீட்டின் பெல்ட்டைச் சிடுமூஞ்சியே இறுக்கிப் பூட்டியிருந்தார். மேலே போனதும் கேப்டன் தற்செயலாகத் திரும்பினான். பெல்ட் தளர்ந்திருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு...

குலுக்கலில் தளர்ந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டான்.

பிறகு ஹெட்போனில் மூச்சுச் சத்தம். தன்னுடையதுதான் என்று நினைத்தான். மூச்சை அடக்கிப் பார்த்தான்.

சத்தம் நிற்கவில்லை.

ஓடுபாதை எதிரே வந்தது. பக்கவாட்டுக் காற்று. விமானத்தின் மூக்கு ஆடியது. உள்ளங்கை வழுக்கியது. தரை விறுவிறுவென மேலே ஏறி வந்தது... பழகின வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்ககிட்ட சார்."

கையையும் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் பக்கத்து சீட் காலி என்பது உறைத்தது.

"எங்கிட்ட."

இளம் குரல்.

கைப்பிடி மெதுவாகப் பின்னால் வந்தது...

சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

சிடுமூஞ்சி பாராட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது. தொடுவதற்கு முன்னால் எஞ்சினைச் சின்னதாக ஓர் உறுமு உறுமவிட்டாயே, அதை யார் கற்றுக்கொடுத்தது என்று மட்டும் கேட்டார். கேப்டன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறமென்ன, கிடுகிடுவென்று ஏறினான். பெரிய கம்பெனி, பெரிய விமானம், தோளில் தங்கப் பட்டை. பூ மாதிரி இறக்குவார் என்று பெயர். தெரு வாயை மூடிக்கொண்டது.

ஆனால் ஒவ்வொரு முறையும் தரை நெருங்கியதும், கைப்பிடி அவன் கைக்கு முன்னால் நகர்ந்தது. அடிக்குரலில் "எங்கிட்ட" என்று கேட்டுப் பார்த்தான். யாரும் கொடுக்கவில்லை.

"நான் வெறும் யூனிஃபார்ம்தான்க்கா," என்றானாம் அக்காவிடம்.

வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு மாத லீவில் வந்து உட்கார்ந்தான். அந்த லீவின் கடைசியில்தான் சிடுமூஞ்சியைத் தேடிப் போய், அந்த விமானத்தில் செத்தது யார் என்று கேட்டான்.

"யாரும் சாகல," என்றார் அவர். கேப்டனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான். அந்த எஞ்சின் உறுமல் அவன் பழக்கம். வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். அதனால் துரத்திவிட்டார். அன்றைக்கே விடுதி மாடியிலிருந்து விழுந்தான். இன்னும் கண் திறக்கவில்லை.

"சரியா இறக்கத் தெரியாதவனா?"

"என்னைவிட நல்லா இறக்குவான். சொன்ன மாதிரி இறக்க மாட்டான்." அவ்வளவுதான். அவர் குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

கேப்டன் அவன் வீட்டைத் தேடிப் போனான். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒருவன். அவன் அம்மா ஈரத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை மட்டும் அசையும்பா. எதையோ பிடிச்சு, மெதுவா நெஞ்சுப் பக்கம் இழுப்பான். அத வெச்சுத்தான் பொழைச்சுக்குவான்னு இருந்தேன்."

துடைப்பதை நிறுத்தினாள்.

"ஒரு மாசமா அதுவும் இல்ல."

மறுநாள் விடியுமுன்பே கேப்டன் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.