முன்சீட்டில் ஒரு தடவை

என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை கண் நன்றாகத்தான் தெரிந்தது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அவர் இருந்தபோது வீடு வீடாக வேறு மாதிரி சொன்னவளும் நான்தான்.

ஆரணியில் பழைய வேன் ஒன்று வைத்து ஓட்டினார். தறிக்காரர்களின் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேலூர், வந்தவாசி என்று போவார். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். எனக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஓர் இழை தப்பினாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

ஒருமுறை கண்ணமங்கலத்தில் வேலை முடித்து அவரோடு வேனில் வந்துகொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் லைட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் எரியவில்லை. இறங்கி முன்னால் குனிந்து பார்த்தோம். லைட்டிலிருந்து வந்து வண்டியின் இரும்பில் போல்ட்டால் முடுக்கியிருந்த எர்த் வயர் முனை முறிந்து தொங்கியது. அறுந்ததைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? "நவுருய்யா" என்று அவரைத் தள்ளிவிட்டு, வயரை போல்ட்டோடு சேர்த்துப் பிடித்து, பையிலிருந்த ஜரிகையால் சுற்றோ சுற்றென்று சுற்றி இறுக்கி முடிந்தேன். அவர் மேலே டேப் ஒட்டினார். லைட் பளிச்சென்று எரிந்தது.

"வண்டிக்கே ஜரிகை கட்டிட்டியேமே! இனிமே இத்த முகூர்த்தத்துக்குத்தான் வெளிய எடுக்கணும்" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக்கிடம் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். லைட்தான் எரிகிறதே, மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் வந்து, "லைட்டு மங்கலா எரியுதுமே" என்றார். மெக்கானிக் பல்பை மாற்றினார். பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சுவிட்சை மாற்றினார், கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்தார். எல்லாம் பகல் வெளிச்சத்தில். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் கீதுண்ணா. பழைய வண்டி, இவ்ளோதான் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே ரோட்டோரம் நின்ற கரும்பு டிராக்டரில் மோதப் பார்த்து, ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். நான் பயந்துபோனேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "லைட்டு நல்லாத்தான்யா கீது. உன் கண்ணு போச்சு. அத்த ஒத்துக்க மாட்டியே நீ!" என்று கத்திவிட்டு, வேன் சாவியைப் பிடுங்கி என் ஜரிகைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மூன்று நாள் கெஞ்சினார். "ஒரே ஒரு தடவ பக்கத்துல வந்து குந்துமே. சாயங்காலமா லைட்டப் போடறேன், நீயே பாரு. உன் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை கீது. நீ நல்லா கீதுன்னு சொல்லிட்டா நான் வாயத் தொறக்கல."

"பேஜார் பண்ணாத. எனக்கு வேலை கீது" என்றேன். தெரு வாசலில்தான் வேன் நின்றது. நான் போகவில்லை.

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. யாராவது ஏன் வண்டி எடுப்பதில்லை என்றால், "கண்ணு போச்சுப்பா" என்பார். நான் வாங்கிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். படியில் இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன் பகலில் படியைத் தடவுகிறார். நானும் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், பெரிய புண்ணியவதி மாதிரி.

மாசியில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

சும்மா நிற்கிற வேனை விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்தேன். தேசூர்க்காரர் ஒருவர் சாயங்காலமாக வந்து ஓட்டிப் பார்த்தார். தானே ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர். திரும்பி வந்து இறங்கியதும், "வண்டி நல்லா கீதும்மா. லைட்டுதான் ரொம்ப மங்கலு" என்றார்.

"உங்களுக்குமா?" என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து லைட்டின் பின்பக்கம் வைத்தார். எதிர்ச் சுவர் சட்டென்று வெள்ளையாகப் பிரகாசித்தது. "பாருங்க, எர்த் புடிக்கல" என்று சொல்லிக்கொண்டே கீழே குனிந்து, அழுக்கேறிய டேப்பைப் பிரித்தார். உள்ளே கறுத்துப்போன ஜரிகை. என் முடிச்சு. ஆயிரம் முடிச்சுக்கு நடுவில் போட்டாலும் அதை எனக்குத் தெரியும்.

"ஜரிகையா? ஆரணின்னா இப்படியா! எந்த மகராசன் கட்டனான் இத்த?" என்று சிரித்தார்.

ஜரிகையை அறுத்துப் போட்டார். போல்ட்டைச் சுரண்டி வயரைச் சரியாக முடுக்கினார். வண்டியில் ஏறி லைட்டைப் போட்டுவிட்டு, "முன்னால வந்து குந்திப் பாருங்கம்மா" என்று கூப்பிட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடங்கூடத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ங்க. லைட்டுதான் மங்கலு" என்றேன்.

எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அந்த மனுஷன் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமாம்மா, லைட்டுதான் மங்கலா இருந்துது" என்றார்.

மூன்று நாள் என்னிடம் அவர் கெஞ்சிக் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான்.