நண்பகலுக்கு முன் சோறு

எங்கள் அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் அலாரம். அப்பா வேலைக்குப் போக வேண்டும், அண்ணன் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். எல்லோரையும் உலுக்கி எழுப்பிவிடுவது அவள்தான். "அலாரம் அடிச்சாச்சுடி, எழுந்திரு" என்று அண்ணன் என்னைக் கேலி செய்வான். அவளை யாராவது எழுப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுப்பியிருக்க மாட்டோம்.

கல்யாணமாகிப் போன இடத்திலும் அதே பிழைப்புதான். அத்தான் பஸ் கண்டக்டர். காலையில் முதல் பஸ் அவருடையது என்றால், அதற்கு முன்னால் எழுந்து டப்பா கட்டிக் கொடுத்தது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போய்விட்டது. நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே விரட்டிய மனுஷனுக்கு இப்போது ஒரு வார்த்தை கிடையாது. பசிக்கிறதா, முதுகு வலிக்கிறதா, ஜன்னலைத் திறக்க வேண்டுமா, எதுவானாலும் முகத்தைப் பார்த்து அக்காதான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தால் இடது கையால் தட்டைத் தள்ளிவிடுவார். பிள்ளைகுட்டியும் இல்லை. நான் தையல் கடையில் வேலை செய்கிறேன். என்னால் முடிந்தது, மத்தியானம் ஓடிப்போய் அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவது மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஒரு புத்த விகாரையில் சமையல் வேலை கிடைத்தது. விகாரை என்றதும் மரங்களும் குளமுமாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் புத்தர். ஊதுவத்தி எவ்வளவு ஏற்றினாலும் ரப்பர் வாடைதான் முந்திக்கொண்டு வரும். அங்கே இருப்பது வயதான பிக்கு ஒருவர் மட்டும். இடத்தை நடத்துவது ஒரு சபை. சபைத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

ஒரு ஆளுக்குச் சமைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். சமையல் கஷ்டமில்லை, விதிகள்தான் கஷ்டம். பிக்கு தானாகச் சமைக்க மாட்டார். எதிரே சோறு இருந்தாலும் தானாக எடுக்க மாட்டார். ஒருவர் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தால்தான் அது அவருக்குச் சாப்பாடு. கொடுக்காத எதையும் எடுப்பதில்லை என்பது அவர்கள் விரதம். மத்தியானம் பன்னிரண்டு தாண்டினால் மறுநாள் விடிகிறவரை சோறு தொட மாட்டார். மருந்துக்காகச் சர்க்கரையோ தேனோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலே, வாய் திறந்து "இது வேண்டும்" என்று கேட்க மாட்டார்.

"நல்ல வேலை பாத்த போ" என்றேன். "வீட்டுல ஒருத்தர் கேக்க முடியாம இருக்காரு, இங்க ஒருத்தர் கேக்கக் கூடாதுன்னு இருக்காரு. உனக்குன்னு வந்து வாய்க்குது பாரு."

அக்கா சிரிக்கவில்லை. "இவரு தட்டைத் தள்ளிவிடறதில்லடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பத்துப் பேர் வருவார்கள். புத்தரை, தர்மத்தை, சங்கத்தைச் சரணடைகிறேன் என்று மூன்று முறை சொல்வார்கள். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், தகாத உறவு கொள்ள மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், போதை தொட மாட்டேன் என்று ஐந்து உறுதி எடுப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்காருவார்கள். அதற்கப்புறம் பிக்கு பேசுவார். வாழ்க்கையில் துக்கம் இருக்கிறது, அந்தத் துக்கத்துக்குக் காரணம் தீராத ஆசை, ஆசை அடங்கினால் துக்கமும் அடங்கும், அடங்குவதற்கு எட்டு அங்கமுள்ள ஒரு வழி இருக்கிறது என்று. பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்வாள்.

எனக்கு எரிச்சலாக வரும். துக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ராஜகுமாரன் அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போக வேண்டுமா? ஒரு வாரம் எங்கள் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தால் போதாதா?

அந்த ராஜகுமாரன் கதையில் அக்காவுக்கு ஒரு இடம்தான் உறுத்தியது. கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்து மனசு கலங்கியவர், பெண்டாட்டியும் பச்சைப் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கிளம்பிப் போனாராம். அக்கா அதைப் பிக்குவிடமே கேட்டுவிட்டாள்.

"எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல சாமி?"

"எழுப்பினா போக மனசு வராதுன்னு நினைச்சாராம்."

"அது அவரு மனசு. முழிச்சுப் பாத்தவ மனசு?"

பிக்கு, "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றாராம். மனுஷன் பரவாயில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அக்கா இங்கே சமைத்து, அங்கே ஊட்டி, துணி துவைத்து, மாடி ஏறி இறங்கி, ஆளே பாதியாகிவிட்டாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் "ஆங்?" என்பாள். அப்போது பார்த்து அத்தானுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. ராத்திரி எல்லாம் விக்கல். அக்காவுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது.

அதற்கடுத்த நாள் நடந்தது இதுதான். சோறு வடித்து, பருப்பும் கீரையும் இறக்கி, தட்டில் பரிமாறிக் கொண்டுபோய்க் கூடத்தில் பிக்குவுக்கு முன்னால் முக்காலியில் வைத்தாள். கையில் ஏந்திக் கொடுப்பதற்கு முன் தண்ணீர் எடுத்து வரலாம் என்று சமையலறைக்குத் திரும்பியவள், குடம் பக்கத்தில் குனிந்தாள். தலை சுற்றுவது போல இருக்க, அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. அலறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தட்டில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. பிக்கு சுவரில் சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையிலேயே மாத்திரை போட்டாகிவிட்டது, சாப்பிடவில்லை என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம்தான். சர்க்கரை டப்பா அலமாரியில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அதனால் அவர் தொடவில்லை. அக்கா சர்க்கரையைக் கரைத்து நீட்டுவதற்குள் சரிந்துவிட்டார். டயர் கடைப் பையன்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. அக்கா தூங்கிய இடத்துக்கும் அவர் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கதவுகூடக் கிடையாது. "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் என்ன? இது என்ன கருணை? எங்கள் அக்கா தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிற கருணையா?

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சபை கூடியது. அக்காவை வேலையில் வைத்துக்கொள்வதா, நிறுத்துவதா என்பதுதான் பேச்சு. வேலை போனால் அத்தானுக்கு மருந்து ஏது, வீட்டு வாடகை ஏது? தனியாகப் போகாதே என்று நானும் கூடப் போனேன். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, 'எனக்கு அன்னிக்குப் பசிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்டி, தப்பிச்சுக்குவேன்" என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்ல மாட்டேன் என்று வாராவாரம் ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிறவரிடம் போய் இதை எதிர்பார்க்கிறாளே என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன்.

தலைவர் மெதுவாகக் கேட்டார். "சாமி, அன்னிக்கு இந்தம்மா தூங்கிட்டாங்களா?"

"தூங்கினாங்க" என்றார் பிக்கு.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்று அவரே தொடர்ந்தார். "எழுப்பியிருக்கலாம். எழுப்பினா சோறு கேட்ட மாதிரி ஆயிடும்னு எழுப்பல. நோயாளியா இருந்தா கேக்கலாம்னு எங்க விதியிலேயே இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல. பட்டினியா உக்காந்திருந்தப்போ, நான் எவ்வளவு ஒழுங்கா இருக்கேன்னு உள்ள ஒரு சந்தோஷம். புத்தர் வருஷக்கணக்கா உடம்ப வாட்டிப் பாத்துட்டு, இதுல ஒண்ணும் இல்லன்னு எழுந்து ஒரு பொண்ணு கொடுத்த பால்சோத்த வாங்கிச் சாப்பிட்டாரு. உடம்பக் கொஞ்சறதும் வேண்டாம், கொல்றதும் வேண்டாம்னு நடுவழியக் கண்டாரு. ஞாயித்துக்கிழமையானா இதத்தான் சொல்றேன். தப்பு என்னோடது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது உங்க பெருந்தன்மை சாமி. ஆனா பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல. கேக்காமலே பாத்துக் கொடுக்கிற ஆளா நாங்க பாத்து வைக்கிறோம்."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

"கேக்காமலே பாத்துப் பாத்துக் கொடுத்து எனக்கு அலுத்துப்போச்சுங்க. வீட்டுல ஒருத்தர் வாய் போயி சொல்ல முடியாம கெடக்காரு. வாய் இருக்கிற நீங்களும் சொல்லலன்னா நான் எங்க போவேன் சாமி? நீங்க கேக்க வேண்டாம்னு யாரு சொன்னது?"

"வேண்டாம்னு யாரும் சொல்லலம்மா" என்றார் பிக்கு. "ஆனா கேளுங்கன்னும் யாரும் சொல்லல. எங்க வழக்கம் அது. ஒருத்தர் முன்வந்து, 'உங்களுக்கு வேண்டியத எங்கிட்ட கேளுங்க'ன்னு வாய் விட்டு அழைச்சா, அவங்ககிட்ட கேக்கலாம். இந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து எங்கிட்ட அப்படி ஒருத்தரும் சொன்னதில்ல."

சாமிக்கு ஒன்றுமே தேவைப்படாது என்று எல்லோரும் இத்தனை வருஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அப்போ நான் சொல்றேன்" என்றாள் அக்கா. "வேணுங்கிறத எங்கிட்ட கேளுங்க. நான் தூங்கினா எழுப்புங்க."

பிக்கு தலையசைத்தார். பிறகு சபையைப் பார்த்து, "என்னைக் கேக்கச் சொன்னது இவங்க ஒருத்தர்தான். இவங்க இல்லன்னா நான் யாருகிட்ட கேப்பேன்?" என்றார்.

தலைவருக்குச் சுருக்கென்றது. "நாங்களும் சொல்றோமே சாமி. எங்ககிட்டயும் கேளுங்க."

"சந்தோஷம். நாளைக்குப் பதினொரு மணிக்குப் பசிக்கும். உங்க கடைக்கு ஆள் அனுப்பட்டுமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவின் வேலை நிலைத்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அத்தான் அப்படியேதான் இருக்கிறார். மாடிப்படியும் அப்படியேதான் இருக்கிறது. அக்காவின் களைப்பில் ஒரு குண்டுமணி குறையவில்லை. இன்னொரு வேலை வேண்டாம், ஒரு நாள் முழுக்கத் தூங்கினால் போதும் என்பாள். அந்த ஒரு நாளை யாராலும் அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால், அக்கா வீட்டுச் சாவியைக் கொடுக்க விகாரைக்குப் போனேன். படி ஏறும்போதே சமையலறை தெரிந்தது. அடுப்பு அணைந்திருந்தது, சோறு இறக்கியாயிற்று. அக்கா அதே அரிசி மூட்டையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. வாசலில் பிக்கு நின்றுகொண்டிருந்தார். ஒரு தடவை இருமினார். அக்கா அசையவில்லை. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நானே எழுப்பிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தேன்.

"அம்மா" என்றார். அக்காவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "எழுந்திரும்மா. எனக்குப் பசிக்குது" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். பதறி எழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அத்தான் விழுந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிக்கு மிரண்டுபோனார். "என்னம்மா, எழுப்பினது தப்பா?"

"இல்ல சாமி" என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"பசிக்குதும்மா" என்றார் அவர்.

அக்கா எழுந்து கையைக் கழுவிவிட்டுத் தட்டை எடுத்தாள்.