காசித்தும்பைக் கட்டுரையோடு கொல்லிமலைக்கு

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோவிலுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் மிளகு வாங்கப் போகிறார்கள். நானும் என் சிநேகிதி ஞானமும் சென்ற ஐப்பசியில் போனது ஒரு கட்டுரையை முடிப்பதற்காக. இருவரும் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவர இயல் கற்பிக்கிறோம். கட்டுரையை நான் எழுதுவேன், படங்களை அவள் வரைவாள். இப்படிச் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை ஒரு காட்டுக் காசித்தும்பையைப் பற்றியது.

செடியைக் கண்டெடுத்தது நாங்கள் அல்ல, ஞானத்தின் அப்பா. காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்தவர். போன இடமெல்லாம் செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாள்களில் ஒட்டி வைப்பார். மலைக்காய்ச்சலில் அவர் இறந்த பிறகு அந்தத் தாள்களெல்லாம் மரப்பெட்டிகளில் ஞானத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதலில் திறந்த பெட்டியில் மேலாக இருந்த ஒரு தாள்கட்டில்தான் இந்தச் செடி இருந்தது. காசித்தும்பைப் பூவுக்குப் பின்னால் தேன் நிறைந்த ஒரு வால் உண்டு. சேர்வராயன் மலையில் இதே போன்ற செடி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் வால் நேராக நீண்டிருக்கும். இவர் எடுத்த பூக்களில் வாலே இல்லை. அப்படியானால் இது புதிய இனம் என்று எழுதினோம். அதற்கு ஞானத்தின் அப்பா பெயரையே வைத்தோம். புதிய இனத்துக்கு லத்தீனில் ஒரு பத்தி எழுத வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்த ஒரு பாதிரியார் அதைத் திருத்திக் கொடுத்தார்.

விஞ்ஞான சஞ்சிகையின் ஆசிரியர் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. காசித்தும்பைப் பூ உலர்ந்தால் கூழாகி ஒட்டிக்கொள்ளும், அதை நம்பி வால் இல்லை என்று சொல்ல முடியாது, உயிருள்ள பூவைப் பார்த்து எழுதுங்கள் என்றார். யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் சஞ்சிகை மெலிந்து போயிருந்தது. ஐப்பசி முடிவதற்குள் வந்தால் அடுத்த இதழில் இடம் உண்டு, தப்பினால் எப்போது என்று சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். செடி பூக்கும் காலமும் அதுதான். பூஜை விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்துக் கொண்டு புறப்பட்டோம்.

திருச்சியிலிருந்து நாமக்கல்லுக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து மைல். பெட்ரோல் இல்லாத காலம் என்பதால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். மேடு வந்தால் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறுவார். காலையில் ஏறினால் மாலையில் போய்ச் சேரலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் தங்கி, மறுநாள் சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடித்தோம். என் மடியில் இருந்த தகரப் பெட்டியை டிரைவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தப் பொட்டியில என்னங்க? கண்ணாடிச் சாமானுங்களா?"

"காகிதம்."

"காயிதத்துக்கா இத்தனை பதனம்!" என்று சிரித்துவிட்டு, அதன் பிறகு பள்ளங்களில் வண்டியை மெதுவாகவே இறக்கினார்.

சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரமான காரவள்ளிக்கு மாட்டு வண்டி கிடைக்கிறது. ஏழெட்டு மைல் தூரம். வாடகை ஒன்றரை ரூபாய், பேசினால் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் நடைதான். சந்தை முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்கள் காலையில் கூட்டமாக ஏறுவார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டால் வழியும் தெரியும், சுமைக்கு ஆளும் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தவர் சடையன், நாற்பது வயதிருக்கும், மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் சாமை விளைவிக்கிறவர். செடி அழுத்தும் பலகைகளை அவர் தலையில் வைத்துக்கொண்டார். தகரப் பெட்டியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஏற்றம் செங்குத்து. முதல் ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றுபோகும். பாதி வழிக்கு மேல் காற்று குளிர்ந்ததும் கால் தானாக நடக்கிறது. மழைக்காலத்தில் அட்டை உண்டு. உப்பும் புகையிலையும் வைத்துக்கொள்ளுங்கள். சோளக்காட்டைத் தாண்டிச் சடையனின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் மனைவி நல்லம்மாள் எங்கள் புடவைகளில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, முதலில் வெந்நீர் கொடுத்தாள். பிறகுதான் யார், எதற்கு என்று கேட்டாள்.

"ஊத்துக்கிட்ட பாறையில மொளைக்குமே, செவப்புப் பூவு, அதுக்கா வந்தீங்க?" என்றாள். நான் பெட்டியிலிருந்து செடி ஒட்டிய தாளை எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "அட, இதா! நேத்துத்தானுங்க எல்லாத்தையும் புடுங்கிப் போட்டோம். பக்கத்து ஊட்டுல கண்ணாலம். தண்ணி எடுக்கப் போறவங்களுக்குக் கால் வழுக்குதுங்க. போன வருசம் எங்க நாத்தனா உழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

ஞானமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அப்பா எழுதி வைத்திருந்த இடக்குறிப்பு அந்த ஊற்று ஒன்றுதான். விளக்கெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பாறை கழுவி விட்டது போலச் சுத்தமாக இருந்தது. பிடுங்கிய செடிகள் ஓரத்தில் அழுகிக் கிடந்தன. ஞானம் குனிந்து ஒன்றை எடுத்தாள். பூ விரலிலேயே கரைந்து போயிற்று.

எனக்கு ஏனோ பயமில்லை. ஓர் ஊற்றில் வளர்கிற செடி அடுத்த ஓடையிலும் வளரும். மறுநாள் சடையனோடு ஓடை ஓடையாக ஏறினோம். மூன்றாவது ஓடையின் தலைப்பில், தண்ணீர் திரை போல வழியும் ஒரு பாறையில், முழங்கால் உயரத்துக்குச் செடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ பூ. ஞானம் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து லென்ஸை எடுத்தாள்.

"விசாலம், இங்க வா. இதுல வால் இருக்கு."

இருந்தது. பூவுக்கு அடியில், நத்தையின் ஓடு போல, இறுகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உலரும்போது அது பூவோடு கூழாகி மறைந்துவிட்டிருக்கிறது. ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனாலும் எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேர்வராயன் மலைச் செடிக்கு நேர் வால், இதற்குச் சுருண்ட வால். புதிய இனம் புதிய இனம்தான், காரணம் மட்டும் மாறுகிறது. ஞானம் பாறையைத் தட்டி, "அப்பா பேரு நின்னுடுச்சு!" என்று கத்தினாள். எதற்கு என்று தெரியாமலே சடையனும் சிரித்தார்.

அன்று பிற்பகல் நல்லம்மாளின் வீட்டு வாசலில், கவிழ்த்த தானிய மரக்காலின் மேல் அட்டையை வைத்துக் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். 'வால் இல்லை' என்ற இடங்களையெல்லாம் அடித்தேன். 'மலர்ந்த பூக்களில் வால் சுருண்டிருக்கும்' என்று எழுதினேன். எழுதியவள் அங்கேயே நின்றுவிட்டேன். மலர்ந்த பூ என்றால் எந்தப் பூ? காசித்தும்பைப் பூ முதலில் ஆணாக இருக்கும். மகரந்தப் பைகள் ஒரு தொப்பி போலச் சேர்ந்து சூலகத்தை மூடியிருக்கும். ஓரிரு நாளில் அந்தத் தொப்பி உதிர்ந்த பிறகுதான் பூ முதிர்ந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த பூ எல்லாவற்றிலும் தொப்பி இருந்தது. முதிர்ந்தவற்றை மழை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஞானத்தின் அப்பாவுடைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவையும் இளம் பூக்களே.

"இன்னும் ரெண்டு நாள் இங்கேயே இருக்கணும்," என்றேன்.

ஞானம் வண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு? வால் இருக்கு, வரைஞ்சாச்சு. நாளைக்கு இறங்கினா ஆசிரியர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே அனுப்பிடலாம்."

"இளம் பூவை மட்டும்தானே பார்த்திருக்கோம்? முதிர்ந்ததைப் பார்க்காம 'மலர்ந்த பூ'ன்னு எழுத முடியாது."

"முதிர்ந்தா மட்டும் என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணும் ஆகலேன்னா அதையும் ஒரு வரி எழுதிடலாம்."

அவள் தூரிகையை வேண்டியதற்கு அதிகமாகவே உதறினாள். பிறகு, "சரி. என் குடையையும் எடுத்துக்கோ. மழை வந்தா உன் பூ நிக்காது," என்றாள்.

விடிந்ததும் போய், அப்போதுதான் விரிந்துகொண்டிருந்த மூன்று பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினோம். இரண்டு குடைகளையும் விரித்துப் பாறை இடுக்கில் செருகி, மேலே மறைப்புக் கட்டினோம். சடையன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவுக்குக் கொடை புடிக்கிறீங்களே! கண்ணாலப் பொண்ணுக்குக்கூட நாங்க புடிக்கலீங்க."

அன்று மழை கொட்டியது. நாங்கள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். நல்லம்மாள் ஞானத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, வெசனமா இருக்கே?" என்றாள். அப்பா பெயரைப் பற்றி ஞானம் சொன்னாள். "செடிக்குப் பேரா? உங்கப்பாரு பேரைப் புள்ளைக்கு வைக்கிறதுதானே?" என்றாள் நல்லம்மாள். ஞானம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அப்படி அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

அடுத்த நாள் காலை பாறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் ஞானம்தான். நான் காலில் ஏறிய அட்டைகளை உதறிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவள் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பூவை மழை கொண்டுபோய்விட்டது. மற்ற இரண்டிலும் மகரந்தத் தொப்பி உதிர்ந்து சூலகம் தெரிந்தது. இரண்டிலும் வால் சுருள் அவிழ்ந்து, சேர்வராயன் மலைப் பூவைப் போலவே நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து, சேர்வராயன் மலைச் செடியைப் பற்றி நான் கையால் பிரதி எடுத்து வந்திருந்த பழைய வருணனையோடு ஒப்பிட்டேன். இலை விளிம்பு, காயின் ரோமம், வாலின் நீளம். எங்கேயும் வித்தியாசம் இல்லை. எல்லோரும் அறிந்த அதே செடிதான்.

"குடை காத்துல பறந்திருந்தா?" என்றாள் ஞானம், தலை நிமிராமல்.

"பறக்கலியே."

"ஆமாம்." அவள் கண் நனைந்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. "விசாலம், நாம இதை அவசரமா அச்சடிச்சு ஊர் உலகத்துக்குக் காட்டியிருந்தா, அடுத்த வருஷமே யாராவது ஒருத்தர் ஏறி வந்து பார்த்திருப்பாங்க. அப்பா பேரைத் தப்போட சேர்த்து எழுதியிருப்பாங்க. அதுக்கு இது தேவலை." பிறகு படத்தை என் பக்கம் திருப்பினாள். "அளவுக்கோடு மட்டும் பாக்கி. பார், இந்த வால் அவிழ்றதை யாராவது எழுதியிருக்காங்களா?"

எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை. அன்று முழுவதும் பாறையில் உட்கார்ந்து, மொட்டு முதல் முதிர்ந்த பூ வரை ஒவ்வொரு நிலையிலும் வாலை அளந்தோம். மறுநாள் நல்லம்மாளின் வாசலில் கட்டுரையைப் புதிதாகவே எழுதினேன். புதிய இனம் போயிற்று, லத்தீன் பத்தியும் போயிற்று. பன்னிரண்டு பக்கம் நாலு பக்கமாகச் சுருங்கியது. அந்தச் செடி கொல்லிமலையிலும் வளர்கிறது, இளம் பூவின் சுருண்ட வால் முதிரும்போது நேராகிறது, உலர்ந்த பூவை வைத்து இனம் பிரிப்பது ஆபத்து. சொல்ல இருந்தது அவ்வளவுதான். தட்டெழுத்து இல்லாததால் அகலமாக ஓரம் விட்டு, ஒரு வரி விட்டு ஒரு வரி கையால் எழுதினேன். படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் தைத்தோம். இறங்கியதும் சேந்தமங்கலம் தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்து அனுப்பினோம். லீவு முடிந்துவிட்டது. வெளியே நாங்கள் ஏறவேண்டிய பஸ்ஸில் கண்டக்டர் கரி கிளறிக்கொண்டிருந்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூக்களுக்காகப் போவதானால் புரட்டாசி, ஐப்பசிதான் காலம். மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையைப் போகும் முன்பே தொடங்கிவிடுங்கள். சுமைக்கு ஒரு நாளைக்கு ஆறணா கொடுத்தோம், சாப்பாடு தனி. மலையில் யார் வீட்டிலும் தங்க இடம் கொடுப்பார்கள். தீப்பெட்டியும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். கட்டுரையோடு போகிறவர்கள் மெழுகுத்துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் நாளை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நாங்கள் முதலில் நினைத்த நாளில் இறங்கியிருந்தால் ஒரு பொய்யை நல்ல கையெழுத்தில் அனுப்பியிருப்போம்.

கட்டுரை மார்கழி இதழில் வந்தது. ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. காகிதப் பஞ்சத்திலும் ஞானத்தின் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார். ஞானம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அப்பா இறந்ததிலிருந்து திறக்காமல் வைத்திருந்த மற்றப் பெட்டிகள் எல்லாம் கூடத்தில் திறந்து கிடந்தன. தரையெங்கும் தாள்கள். அவள் லென்ஸும் கையுமாக அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்து வா, மிதிச்சிடாதே," என்றாள். "இதுல எது எது உயிரோட வேற மாதிரி இருக்கும்னு கண்டுபிடிக்கணும்."