கிணற்றில் விழுந்த தம்பி

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பதால் அவர் எங்களுக்குப் பல்லக்கா. ஞாயிறு மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை விளையாட்டு ஆடுவோம். அக்கா கதையை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

வினை அவருடைய சொந்தத் தம்பி உருவில் வந்தது. அவனுக்குத் திருடன் பாத்திரம். யார் பேசினாலும் நடுவில் புகுவான், கூட வருகிறவர்களின் பையையே அறுப்பான். கேட்டால், "நான் என்ன பண்றது, என் ஆளு அப்படித்தான்" என்பான். போன வாரம், எங்களோடு ஆடும் மருந்துக்கடைக்காரரின் பாத்திரமான வைத்தியர் ஆசையாக வளர்த்த கழுதையை, சும்மா, மலையிலிருந்து தள்ளிவிட்டான்.

மருந்துக்கடைக்காரரோ, மனைவி இறந்ததிலிருந்து யாரிடமும் பேசாத மனிதர். "அந்த மேசையில மட்டும்தான் அண்ணன் வாயைத் திறக்குது" என்று அவர் தங்கை அக்காவிடம் சொல்லியிருந்தார். அவரே கழுதை செத்த அன்று கிளம்பும்போது, "அடுத்த வாரம் வர முடியுமான்னு தெரியலக்கா" என்றார்.

அக்காவுக்கு வாரம் முழுக்க அதே நினைப்பு. வேலையில், யாருக்கோ செய்த பல்செட்டில் கடைவாய்ப்பல்லை இடம் மாற்றிப் பதித்து ஏச்சு வாங்கினார். தம்பியிடம் நேரே சொல்ல வாய் வரவில்லை. வேலை போய் அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவானோ என்று பயம். அதனால் கதை நடத்துகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் அசட்டுத்தனத்தைச் செய்தார். ஆளைத் திருத்துவதற்குப் பதில் பாத்திரத்தைக் கொல்லத் திட்டம் போட்டார். வழுக்கும் சுவர், ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர், ஒரு கிணறு. எங்கள் மேசை விதிப்படி, பாத்திரம் செத்தவர் அன்று முழுக்க வாய் திறக்கக் கூடாது.

ஞாயிறன்று மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். ஆனால் மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அக்கா கதையில் கிணற்று விளிம்பில் ஒரு தங்கப்பெட்டியைக் காட்டியதும் திருடன் ஓடினான், வழுக்கி உள்ளே விழுந்தான். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதற்குள் மருந்துக்கடைக்காரர் மெல்ல, "வைத்தியர் கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்குறாரு. உசிரு போகுதுன்னா பார்த்துட்டு நிக்க முடியாதே" என்றார்.

தம்பி சிரித்தான். "அவர் தோள்ல ஏறி நான் வெளிய வந்துடறேன். வந்ததும் கயித்தை அறுத்துடறேன். என் ஆளு அப்படித்தான்." பகடையை உருட்டினான். பாழாய்ப்போன பகடை அவனுக்கே சாதகமாக விழுந்தது.

மருந்துக்கடைக்காரர் கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். தம்பிக்கு வெட்டிய குழியில் வைத்தியர் கிடப்பதைப் பார்த்தபோது எனக்கே பதறியது.

அக்கா பகடையைக் கையால் மூடினார். "உன் ஆளு இல்லடா. நீ. இதெல்லாம் பண்றது நீதான். இந்த வீட்டுல உனக்கு எப்பவும் இடம் உண்டு. நீ இப்படியே இருந்தா இந்த மேசையில இல்ல."

தம்பி எழுந்து உள்ளே போனான். பெட்டி இழுபடும் சத்தம் வருமோ என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். குழாயில் தண்ணீர் ஓடியது. முகம் கழுவுகிறான் போலிருக்கிறது.

மருந்துக்கடைக்காரரின் விரல் கடைசிப் பொத்தானில் நின்றது.

"கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குக்கா?"

"முழங்கால் அளவுதான்," என்றார் அக்கா.