இரவல் சங்கிலியோடு வேதாரண்யம் வரை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அன்று திறக்காமல் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நான், என் தங்கை மல்லிகா, அவள் மகள் யாழினி. யாழினிக்கு ஒன்பது வயது. இரண்டு காதும் சரியாகக் கேட்காது. முன்பு கிடைத்த காது மெஷின் பழுதாகி ஒரு வருடம் ஆகிறது. தகப்பன் இல்லை. மல்லிகா நடவுக்கும் களையெடுக்கவும் போய்த்தான் பிள்ளையை வளர்க்கிறாள். வேதாரண்யத்தில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை முகாம் நடத்துகிறது, தேர்வாகும் பிள்ளைக்கு நல்ல மெஷினும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்புச் செலவும் கொடுப்பார்கள் என்று ஊர் நர்ஸ் சொல்லியிருந்தார்.

முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா வந்துவிட்டார். அவர் கணவர் சவுதியில் இருக்கிறார். தன் மகளின் ஒரு பவுன் சங்கிலியை யாழினி கழுத்தில் போட்டார். "வெள்ளக்காரங்க முன்னாடி புள்ளைய வெறுங்கழுத்தோட நிறுத்தாதீங்க, ஊருக்கே அசிங்கம். இரவல்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றார். நல்ல காரியத்துக்கு நகை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதை வெளியில் சொல்லாமல் இருப்பதும் வழக்கம். தீபாவளிப் பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம் என்று மல்லிகா தன் பங்கையும் செய்தாள்.

ஒரத்தநாடு வரை டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பட்டுக்கோட்டைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே வேதாரண்யம் பஸ்ஸில் ஏறினோம்.

"ஜோரா கிளம்பிட்டியே பாப்பா, எங்க போற?" என்று கண்டக்டர் கேட்டார். யாழினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் கேக்காதுண்ணே. காது மெஷின் வாங்கத்தான் போறோம்" என்றாள் மல்லிகா.

"அப்ப திரும்பி வர்றப்ப நான் கேட்டா பதில் சொல்லணும், ஆமா!"

சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்தது, பஸ் மறுபாதியில் ஊர்ந்தது. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது.

பத்து இருபதுக்கு முகாம் நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். டோக்கன் நாற்பத்தொன்று. முன்னால் நின்ற பெண் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கல்யாண மண்டபம்னதும் கல்யாணத்துக்கே வந்துட்டீங்களாக்கா?" அவள் மகன் சட்டையில் பொத்தான் இல்லை, தோளில் கிழிசல். "நல்ல சட்டை பைக்குள்ள இருக்கு. திரும்புறப்ப போட்டுவிடுவேன்" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தோம்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் பார்த்தார். மெஷின் வைத்தால் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்றார். மல்லிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்தில் விவரம் எழுதிக்கொள்ள நம் பக்கத்துத் தம்பி ஒருவர். அம்மாள் பட்டுப்பாவாடையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பாப்பா அழகா இருக்கான்னு சொல்றாங்க" என்றார் அந்தத் தம்பி. "செயின் தங்கமாம்மா?"

"ஆமாங்க" என்றாள் மல்லிகா.

"எத்தன பவுன்?"

"ஒண்ணுங்க."

அவர் எழுதிக்கொண்டார். அது எங்களுடையது இல்லை என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. ரஹ்மத் அக்கா சொன்னது ஒரு பக்கம், என் கூச்சம் ஒரு பக்கம். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குப் பெயர் வாசித்தார்கள். யாழினி பெயர் இல்லை. அப்போதுதான் அந்தத் தம்பியிடம் போனேன்.

"தம்பி, அந்தச் செயின் இரவல்ங்க."

"ரொம்ப இல்லாதவங்களுக்குத்தாம்மா மொதல்ல குடுக்கணும். இப்ப வந்து சொன்னா எப்படிம்மா? லிஸ்ட்ல கையெழுத்து ஆயிடுச்சு. அடுத்த வருஷம் வாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேனோ என்னவோ.

கிழிந்த சட்டைப் பையனுக்கு மெஷின் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா என்னிடம் வந்தாள். "காலையிலயே சொல்லணும்னு நெனச்சேங்க்கா. என்ன நெனப்பீங்களோன்னு விட்டுட்டேன்." அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் இல்லாதவள்தான்.

திரும்பும்போது அதே பஸ். கண்டக்டர் யாழினியின் காதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். மல்லிகா முந்தானையால் சங்கிலியை மூடியபடியே வந்தாள், தொலைந்துவிடுமோ என்று. வெளியூரார் முன்னால் இல்லாமையை மறைக்கத்தான் எங்களுக்குப் பழக்கம். அவர்களோ அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். வரும்போது எப்படி வர வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். "கெடச்சுதா?" என்றார் ரஹ்மத் அக்கா. அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். யாழினி பள்ளிக்கூடம் போனாள். அவள் டீச்சர் அன்று லீவு, வேறொரு டீச்சர் வந்து பெயர் கூப்பிட்டிருக்கிறார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.