நான் பாடி விற்ற கொலைச் சிந்து

மாரமங்கலத்தில் எட்டு ஏக்கர் காப்பித் தோட்டம், சேலத்தில் மாடி ஊடு, இரண்டு லாரி, ஒரு மிளகு மண்டி. எல்லாம் நான் உண்டாக்கியது. படித்தது மூன்றாம் வகுப்பு. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு கிழிந்த கம்பளி. இதற்கெல்லாம் முன்னால் என்ன செய்தாய் என்று யாரும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரைமார் காலம். எனக்கு இருபது வயது. அப்போதெல்லாம் எங்கே கொலை நடந்தாலும் அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, கொலைச் சிந்து என்று சந்தையில் பாடி விற்பார்கள். சேலத்திலிருந்து மூட்டை சுமந்து ஏற்காடு ஏறி விற்றவன் நான். என் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த வருஷம் செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருந்த லைனில் ஒருத்தன் கவாத்துக் கத்தியால் ஐந்து பேரை வெட்டிப்போட்டான். பத்தே நாளில் சிந்து வந்துவிட்டது. அச்சில் இருந்தது எனக்குப் போதவில்லை. அவன் மீசைக்கு நாலு வரி, கத்தி வீச்சுக்கு நாலு வரி, வெட்டும்போது சிரித்தான் என்று நாலு வரி, நானே சேர்த்தேன். ஜனம் நொம்ப ரசித்தது.

மூன்றாவது சந்தையில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

"ஆருங்க அவரு?"

"அவன் வெட்டுன அஞ்சு பேர்ல மூணாவது ஆளுங்க."

எழுத்துக் கூட்டி எட்டுப் பக்கமும் தேடினேன். கொன்றவன் பேர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. செத்தவர்கள் 'ஐவர்' என்ற ஒரு சொல்லோடு சரி. "அடுத்த அச்சுல வந்துருமுங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர், "பொணத்துக்குப் பாட்டுக் கட்டுனா எவன் வாங்குவான் சாமி" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க லைனுக்கு வந்து உங்க பாட்டை ஒருக்காக் கேளுங்க" என்றாள்.

மறுநாள் போனேன். பட்டப்பகல்தான். ஆனாலும் மூடுபனி இறங்கி எதிர் வாசல் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து என் பாட்டு வந்தது. நான் வாயே திறக்கவில்லை. அதே இழுப்பு, அடி முடியும்போது நான் செருமும் அதே செருமல். கிட்டப் போனால் குழந்தைகள். கரியால் மீசை வரைந்த பையன் ஒருவன் குச்சியோடு நிற்கிறான். தரையில் ஐந்து சாக்குகளைச் சுருட்டி வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

"சாக்கு எதுக்குக் கண்ணு?"

"செத்தவங்களா இருக்க ஆரும் வரமாட்டேங்கறாங்க" என்றாள் ஒரு சிறுமி. "எல்லாருக்கும் அவனாத்தான் இருக்கோணுமாம்."

மீசை வரைந்த பையன், சந்தைக்கு வந்த அந்தப் பெண்ணின் மகன். மூன்றாவது சாக்கை, தன் அப்பனை, ஓங்கி அடித்துவிட்டு, நான் பாட்டில் வைத்த சிரிப்பைச் சிரித்தான்.

வாசலில் நின்றிருந்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவன் சிரிக்கலீங்க. நானு அங்கதான் இருந்தனுங்க."

மிச்சப் புத்தகங்களை அவள் அடுப்பிலேயே போட்டேன். ஐந்து பேரின் பேரையும் ஊரையும் கேட்டு வேறு பாட்டுக் கட்டி அடுத்த சந்தையில் பாடினேன். ஒருத்தர்கூட நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வேறொருவன் பழைய சிந்தை என் வரிகளோடு பாடிக்கொண்டிருந்தான். அதோடு சிந்தை விட்டுவிட்டு மிளகு மூட்டை தூக்கப் போனேன்.

இன்றும் மலையில் அந்தக் கொலையைப் பேசுகிறவர்கள் அவன் சிரித்தான் என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஐந்து பேரை ஒருத்தருக்கும் தெரியாது. இனி யார் அந்தக் கதையை எழுதினாலும் சரி, அந்தச் சிரிப்பை உண்டாக்கியவன் நான் என்று மறைக்காமல் எழுத வேண்டும். என் பங்கை எனக்கே கொடுத்துவிடுங்கள், அதையும் அந்தக் கொலைகாரன் தலையில் போட்டுவிட்டுச் சாக எனக்குப் பயமாக இருக்கிறது.